துறைமுகமும் குசினியும்: திருகோணமலையில் இருவர் உணவின் வரலாறு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலிலிருந்து கரையை நோக்கியே எழுதியுள்ளனர். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியமை, 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியமை, 1782 இற் பிரெஞ்சுக் கடற்படை சிறிதுகாலம் அதனைத் தன்வசம் வைத்திருந்தமை, 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு அது மாறியமை, 1957 இற் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டமை என்பனவே அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றின் முக்கியத்துவத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கோட்டையிற் கொடி மாறிய காலங்களிற் கோட்டைக்கு வெளியே வாழ்ந்த மக்கள் எதனை உண்டனர், அது எங்கிருந்து வந்தது, அதனைச் சமைத்தவர் யார், இறுதியாக உண்டவர் யார் என்னும் வினாக்களுக்கு அவ்வரலாறுகளில் விடை கிடைப்பதில்லை. இவ்வினாக்களுட் சிலவற்றை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கென ஒரு தம்பதியரின் அன்றாட உணவை ஆதாரமாகக் கொண்டுள்ளேன். அவர்கள் என் தாய்வழிப் பாட்டனும் பாட்டியுமாவர். 1964 இல் மணம் முடித்துத் துறைமுகத்தை அண்டிய வீதியொன்றிற் குடியேறியவர்கள். அம்மப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 2011 இற் காலமானார். 1945 இற் பிறந்த அம்மம்மாவிடம் பல மாலைப்பொழுதுகளிற் கேட்டறிந்த செய்திகளே இக்கட்டுரைக்கு அடிப்படை. ஒரு குடும்பத்தின் கதையை நகரத்தின் கதையாகக் கொள்ளலாமா என்ற ஐயம் எழுதல் இயல்பே. முழு நகரமும் இவ்வாறே வாழ்ந்ததென யான் வாதிடவில்லை. ஆனால் உலக நிகழ்ச்சிகள் ஒரு நகரை வந்தடையும் வழிகளுள் அடுப்படியும் ஒன்று என்பதை நிறுவுவதற்கு ஒரு குடும்பமே போதுமானது. மேலும், ஒரே உலையில் வெந்த சோற்றை உண்ட கணவனும் மனைவியும் உண்மையில் ஒரே உணவைத்தான் உண்டனரா என்ற வினாவையும் இருவரை வைத்தே ஆராய முடியும்.

நிலமும் கடலும்

திருகோணமலை நகரம் நெல் விளையாத மேட்டுநிலத்தில் அமைந்தது. எனினும் அதனைச் சூழ்ந்த பிரதேசம் வளமிக்கது. குளக்கோட்டன் கட்டுவித்ததெனத் தமிழ் மரபும், இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டுவித்ததெனப் பாளி மரபும் கூறும் கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களை விளைவித்தது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் பகுதியில் மூதூரும், குடாவின் மேற்கே கிண்ணியாவும் நெல்லும் எருமைத் தயிரும் தந்தன. வடக்கே நிலாவெளி உப்பளங்களில் உப்பு விளைந்தது. எனவே நகரத்தாரின் சோறும் உப்பும் தயிரும் ஒரு நாட் பயணத் தூரத்துக்குள் அடங்கியிருந்தன. கிண்ணியாத் துறையின் நீர்ப்பாதைக்கு மாற்றாகப் பாலம் 2009 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் தயிர்ச் சட்டிகள் படகேறியே நகரை வந்தடைந்தன.

மீனைப் பொறுத்தவரை காற்றே நாட்காட்டியாக விளங்கிற்று. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். மேற்குக் கரை மீனவரும் இக்காலத்தில் இங்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். சூடையும் கீரியும் பாரையும் மலிவாகக் கிடைக்கும். மேற்கிலிருந்து அனல்போல் வீசும் கச்சான் காற்று, கரையில் விரித்த மீனைக் கருவாடாக்கும். கார்த்திகையில் வாடைக்காற்றுத் தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும். அப்போது அக்கருவாடே குழம்பாகும். ஆகவே இவ்விருவரின் மதிய உணவு ஆண்டுக்கு இருமுறை இயற்கையாகவே மாறியது. ‘மீன் இல்லாத மாசத்திலைதான் கறி வைக்கத் தெரிஞ்சவள் ஆர் எண்டு தெரியும்’ என்பது அம்மம்மாவின் கூற்று.

1960களில் அவர்களது நாளாந்த உணவு பின்வருமாறு அமைந்திருந்தது. காலையிற் பிட்டு அல்லது முதல்நாட் சோற்றிலான பழங்கஞ்சி. மதியம் சோறு, மீன் குழம்பு, கீரை, சொதி. இரவில் இடியப்பமும் சம்பலும், அல்லது மீண்டும் பிட்டு. இதனை எளிய உணவென்று கூறுவது எளிது. ஆனால் பிட்டுக்கு அரிசி ஊறவைத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, வறுத்து, குழைத்து, அவித்தெடுக்க வேண்டும். ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படும் கணவனுக்காக மனைவி நான்கு மணிக்கு எழுந்தாள். உணவு எளிது, உழைப்பு எளிதன்று.

சொற்களிற் படிந்த வரலாறு

அவ்வுணவு சமைக்கப்பட்ட இடத்தை அம்மம்மா ‘குசினி’ என்றே குறிப்பிடுவார். இது போர்த்துக்கேயச் சொல். கோப்பை, மேசை, வாங்கு, அலுமாரி, பாண், விசுக்கோத்து என்பனவும் அம்மொழி வழி வந்தவையே. போத்தல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. சம்பல் மலாய்மொழித் தொடர்புடையது. மாசி மாலைதீவிலிருந்து வந்தது. சம்பலுக்கு உறைப்பூட்டும் செத்தல் மிளகாயும், பஞ்ச காலத்திற் கைகொடுத்த மரவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திற் தோன்றி, ஐரோப்பியர் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்து சேர்ந்த பயிர்கள். கோயிலை இடித்தவர்களின் சொல் குசினிக்குள் எவ்வாறு குடிபுகுந்தது என்பது சிந்தனைக்குரியது. கோட்டைகள் கைமாறின, சொற்களோ வீட்டார் ஆகிவிட்டன. ‘நமது பாரம்பரிய உணவு’ என்று நாம் பெருமையுடன் கூறும் யாவும் துறைமுகத்தின் வழியாக ஏதோ ஒரு காலத்தில் வந்து சேர்ந்தவற்றையும் உள்ளடக்கியதே என்பதை இது புலப்படுத்துகின்றது.

யுத்தமும் கோதுமை மாவும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை தனக்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதில் முதலிடம் பர்மாவுக்கே உரியதாயிருந்தது. 1942 மாசியிற் சிங்கப்பூரும், பங்குனியில் இரங்கூனும் யப்பானியரிடம் வீழ்ந்தன. பர்மா அரிசி நின்றது. அதே ஆண்டு சித்திரை 5 ஆந் திகதி கொழும்பும், 9 ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின; எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. நகர மக்கள் பலர் உட்பகுதிகளுக்கு ஓடினர். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

யுத்த வரலாற்றில் இது கடற்படைகளின் மோதலாகப் பதிவாகியுள்ளது. அடுப்படியின் வரலாற்றில் இது அரிசி போய்க் கோதுமை மா வந்த ஆண்டு. உணவுப் பங்கீட்டு முறை ஏற்பட்டது. பங்கீட்டு அரிசி போதாமையால் மக்கள் மாவையும் பாணையும் நாடினர். வடக்கிலும் கிழக்கிலும் முதியோர் சிலர் கோதுமை மாவை ‘அமெரிக்கன் மா’ என்றழைக்கும் வழக்கம், அது கப்பலேறி வந்த பண்டம் என்பதை நினைவூட்டுகின்றது. ஆனால் கோதுமை மாவிற் பிட்டு அவித்தால் அது களியாகிவிடும். மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, அதன் பின்னரே நீர் தெளித்துக் குழைத்தல் வேண்டும். அம்மம்மாவின் தாயார் இம்முறையை அயலவளொருத்தியிடம் யுத்தகாலத்திற் கற்றாராம். அந்நிய தேசத்து மாவை ஊர்ப் பிட்டாக மாற்றிய இந்நுட்பம் அடுப்படியிற் பெண்களாலேயே கைமாறி வந்தது. யுத்தகால அறிக்கைகளில் இதற்கு இடமில்லை.

கூப்பன் காலம்

யுத்தம் முடிந்தது, பங்கீட்டு முறை நீடித்தது. ‘கூப்பன் அரிசி’ என்பது ஒரு தலைமுறையின் அன்றாடச் சொல்லாயிற்று. அதன் அரசியற் பலத்தை 1953 உணர்த்திற்று. அவ்வாண்டு ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆவணி 12 ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. அதன் தொடர்ச்சியாகப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மீண்டும் பதவிக்கு வந்த அவரது அரசாங்கமே 1966 இறுதியில் இரு கொத்துப் பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்து, அதனை இலவசமாக வழங்கியது.

இதற்கிடையே 1957 இல் ஆங்கிலக் கடற்படை வெளியேறியமை நகரத்தின் வருவாயைப் பெரிதும் பாதித்தது. கடற்படைத் தளத்தில், ‘டொக்யாட்’ என நகரத்தார் அழைத்த இடத்தில், உழைத்த பலர் வேறு தொழில் தேட நேர்ந்தது. அம்மப்பாவின் தந்தையும் அவர்களுள் ஒருவர். சுதந்திர நாட்டின் தன்மானத்துக்கு ஏற்ற அந்நிகழ்ச்சி, அவ்வீட்டில் வாரத்தில் இருநாள் இறைச்சி என்ற நிலையை மாதத்தில் ஒருநாள் என்றாக்கியது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும் என்பதை வரலாற்று மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

கூப்பன் காலத்தின் உச்சம் 1973, 1974 ஆம் ஆண்டுகள். உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் உயர்ந்தன. அந்நியச் செலாவணி அருகிற்று. அரிசியை அனுமதியின்றி இடம்விட்டு இடம் கொண்டுசெல்லுதல் தடுக்கப்பட்டது. வீதிகளிற் சோதனைத் தடைகள் அமைந்தன. குறித்த நாட்களில் உணவுச்சாலைகளிற் சோறு பரிமாறுவதும் தடைசெய்யப்பட்டது. பாணுக்கு விடியுமுன்னரே வரிசைகள் நீண்டன. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர் என்பது பொருளியல் மாணவர் அறிந்த செய்தி. அதே மிளகாயைத் திருகோணமலையில் வாங்கியவள் அதனை எண்ணி எண்ணி அரைத்தாள் என்பது அதன் மறுபக்கம்.

அக்காலத்து உணவுப் பங்கீடு சங்கக்கடையுடன் முடிந்துவிடவில்லை. வீட்டுக்குள்ளும் ஒரு பங்கீடு நடந்தது. அரசின் கூப்பன் கணவனுக்கும் மனைவிக்கும் சமமாக வழங்கிற்று. வீட்டு அகப்பை அவ்வாறு வழங்கவில்லை. மீனின் நடுத்துண்டு அம்மப்பாவுக்கு, அடுத்தவை பிள்ளைகளுக்கு, வாற்றுண்டு அம்மம்மாவுக்கு. யாவரும் உண்டபின் குழம்புச் சட்டியில் எஞ்சியதிற் சோற்றைப் போட்டுப் பிரட்டி அவர் உண்பார். இதுபற்றி வினவியபோது ‘சட்டிச் சோறுதான் ருசி’ என்றார். அவர் முகத்திற் சிரிப்பிருந்தது. இக்கூற்றை ஏமாற்றத்தின் மறைப்பாக மட்டும் கொள்வதும் தவறு. அதனை அப்படியே ஏற்று அமைவதும் தவறு. ருசியும் உண்மை, வேறு வழியின்மையும் உண்மை. சற்று நேரத்தின்பின் அவரே, ‘நடுத்துண்டின்ரை ருசி எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதை, ஆக்கினது நான்தானே’ என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைச் சாப்பாடு

துறைமுக நகரொன்றில் வீட்டுக்கு வெளியே உண்பது இன்றியமையாதது. கப்பலிலும் பண்டசாலையிலும் உழைப்போருக்கும், குடும்பத்தைப் பிறவூரில் விட்டு வந்தோருக்கும் கடையே அடுப்பு. அம்மப்பாவின் காலத்தில் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள் மூவகையின. சைவக் கடைகளில் இட்டலி, தோசை, வடை, மதியச் சோறு என்பன வாழையிலையிற் கிடைத்தன. முஸ்லிம்களின் கடைகளில் ரொட்டியும் இறைச்சிக் கறியும், விசேட நாட்களிற் புரியாணியும் வட்டிலப்பமும் கிடைத்தன. பேக்கரிகளிற் பாணும் பணிசும். அவற்றுட் பல சிங்களவரால் நடத்தப்பட்டன என்பது அம்மம்மாவின் நினைவு. தமிழ்த் தொழிலாளி முஸ்லிம் கடையில் ரொட்டி தின்றான். சிங்களத் தொழிலாளி சைவக் கடையில் வடை கடித்தான். மூவினத்தாரும் தோளோடு தோள் உரசி அமர்ந்த இடம் இந்நகரிற் கடை வாங்கே. தட்டையான இரும்புக் கல்லில் இரு தகடுகளால் ஒலியெழுப்பிக் கொத்தப்படும் கொத்துரொட்டி கிழக்கிலங்கையிலேயே தோன்றியது என்ற கருத்துப் பரவலாக உண்டு. பழைய ரொட்டியும் எஞ்சிய கறியும் புதுப்பண்டமாவதற்குக் கூட்டம் மிகுந்த இரவுக் கடையைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.

எனினும் இவ்வாங்கு அனைவருக்கும் உரியதாயிருக்கவில்லை. வடபுலத்திற் தாழ்த்தப்பட்ட மக்கள் தேநீர்க் கடைகளினுள் நுழையவும், சமமான கோப்பையிற் தேநீர் பெறவும் போராட வேண்டியிருந்தமையை நாம் அறிவோம். பொது இடங்களிற் சாதியின் பெயரால் இழைக்கப்படும் தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே நிறைவேறிற்று. ஆங்கிலேயர் தளத்தை விட்டு வெளியேறிய அதே ஆண்டிலேதான் ஒரு கோப்பைத் தேநீருக்கான உரிமையும் சட்டமாயிற்று. அச்சட்டத்தில் எழுதப்படாத தடை மற்றொன்றுண்டு. அது பெண்களுக்கானது. கடை ஆண்களின் இடம். அம்மப்பா மாதச் சம்பள நாளில் நண்பருடன் கடையில் உண்டுவிட்டு, வாழையிலையிற் சுற்றிய பொதியொன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். கடையின் ருசி அம்மம்மாவிடம் வந்தது, கடை வரவில்லை. தம் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைத்தூரத்தில் இருந்த உணவுச்சாலைக்குள் 38 ஆண்டுகள் அவர் கால்வைத்ததில்லை.

1977 இற் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1979 இற் பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனத்துடன் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி சீனன்குடாவில் எழுந்த மா ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கியது. ஒருகாலத்தில் யுத்தக் கப்பல்களுக்கு எண்ணெய் தேக்கிய அதே கரையில் இப்போது கோதுமை குவிந்தது. அதன்பின் அவ்வீட்டிற் காலையுணவு பாணும் சம்பலுமாயிற்று. உள்ளூர் நெல்லை மறந்து அந்நிய மாவுக்கு அடிமையானோம் என்று கண்டிப்போர் பலர். பொருளாதார நோக்கில் அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் அம்மம்மா கூறினார்: ‘விடியப் பாண் வாங்கத் தொடங்கின பிறகுதான் சாமத்திலை எழும்பி மா இடிக்கிற வேலை விட்டது.’ நாட்டின் தற்சார்பைப் பற்றிப் பேசுவோர், அத்தற்சார்பு யாருடைய தூக்கத்தை விலையாகக் கொண்டிருந்தது என்பதையும் கணக்கிடல் வேண்டும்.

ஊரடங்கும் ஒரே நேர உணவும்

1983 ஆடியில் நகரத்திலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 1985, 1987, 1990 ஆம் ஆண்டுகளிலும் மக்கள் இடம்பெயர நேர்ந்தது. எரிந்தவற்றுள் அம்மப்பா வழக்கமாகச் செல்லும் சைவக் கடையும் ஒன்று. மூவினத்தாரும் அமர்ந்த வாங்குகள் வெறிதாயின. ஒவ்வொருவரும் தத்தம் வீதிக் கடையை நாடினர். மீன்பிடிக்கு நேரக் கட்டுப்பாடும் எல்லைக் கட்டுப்பாடும் அனுமதிச் சீட்டும் வந்தன. கடலருகே வாழ்ந்தவர் தகரத்திலடைத்த மீன் உண்டனர்.

ஊரடங்கு நாட்களில் இருள் சூழுமுன் சமைத்து உண்டு விளக்கணைக்க வேண்டியிருந்தது. முன்பின்னாக உண்பதற்கு நேரமில்லை. மண்ணெண்ணெய் விளக்கொன்றின் முன்னே தரையில் அமர்ந்து யாவரும் ஒன்றாக உண்டனர். மணமாகி ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர், கணவன் உண்டு முடியும்வரை காத்திராமல் அம்மம்மா உண்டது அப்போதுதான். அச்சம் ஏற்படுத்திய சமத்துவம் இது. அச்சம் தணிந்த வாரங்களிற் பழைய ஒழுங்கு மீண்டது.

2002 இல் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா தம் பெற்றோரை உட்துறைமுக வீதியருகே உணவுச்சாலையொன்றுக்கு அழைத்துச் சென்றார். அப்போது அம்மம்மாவுக்கு வயது 57. என்ன உண்டீர்கள் என்று கேட்டேன், அவருக்கு நினைவில்லை. ‘இரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலை பிளேட் வைச்சினம், எனக்கு முதல்லை கை வைக்கக் கூச்சமா இருந்தது. இவர்தான் சாப்பிடன் எண்டார்’ என்பதே நினைவில் நின்றது. அதன் பின்னர் வீட்டிலும் இருவரும் சேர்ந்தே உண்டனர். அதனை யார் முதலிற் தொடங்கியது என்பதை அவர் சொல்லவில்லை.

2004 மார்கழி 26 இன் கடற்கோள் கிண்ணியாவையும் மூதூரையும் கரையோரக் கிராமங்களையும் பேரழிவுக்கு உள்ளாக்கிற்று. கடல் கொண்ட உயிர்களை எண்ணி மக்கள் மாதக்கணக்கில் மீன் உண்ண மறுத்தனர். மீனை உண்டே வாழ்ந்த ஊரில் மீன் விலைபோகாத காலமும் இருந்தது.

முடிவுரை

யுத்தம் 2009 இல் முடிவுற்ற பின் உல்லாசப் பயணிகளை நோக்கிய உணவுச்சாலைகள் நகரிலும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலும் பெருகின. இளந்தம்பதியர் டச்சுக்குடாக் கரையில் ஒன்றாக அமர்ந்து இறால் வடையும் கச்சானும் உண்ணும் காட்சி எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஆனால் 2022 மீண்டும் பழைய பாடத்தைப் புகட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றியது. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் மாவும் தட்டுப்பட்டன. பேக்கரிகள் பல மூடப்பட்டன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு புரட்டாதியில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக உயர்ந்தது. எண்ணெய்த் தாங்கிகளும் மா ஆலையும் கண்ணெதிரே நின்ற நகரில் மக்கள் எண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையில் நின்றனர். எங்கள் வீட்டிற் கல்லடுப்பு மூட்டத் தெரிந்தவர் அம்மம்மா ஒருவரே. 77 வயதில் அவர் மீண்டும் விடியற்காலையில் எழுந்தார். அவர் கைப்பக்குவத்தை நாம் யாவரும் புகழ்ந்தோம். புகழ்ந்துகொண்டே அவர் மீது பழைய சுமையை ஏற்றினோம் என்பதை இதனை எழுதும்போதே உணர்கின்றேன்.

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்படும் திருகோணமலையின் செல்வம், அதன் கரையில் வாழ்ந்தோரின் உணவுக்கு என்றுமே உத்தரவாதம் அளித்ததில்லை. அதன் வழியே அரிசி வந்தது போலவே பஞ்சமும் வந்தது. மற்றொன்று, ஒரு வீட்டின் உணவு வரலாறு ஒரே வரலாறன்று. ஆக்கியவளின் வரலாறும் உண்டவனின் வரலாறும் வெவ்வேறு காலக்கணக்குகளைக் கொண்டவை. துறைமுகத்தின் வரலாற்றில் 1957 முக்கிய ஆண்டு. அம்மம்மாவின் வரலாற்றில் 1980 உம் 2002 உம் முக்கிய ஆண்டுகள்.

கோட்டைகளின் வரலாற்றுக்கு இலிசுபனிலும் ஹேக்கிலும் இலண்டனிலும் ஆவணங்கள் உண்டு. அடுப்படியின் வரலாற்றுக்கு முதியோர் நினைவே ஆவணக் காப்பகம். அக்காப்பகம் நாள்தோறும் குறைந்துவருகின்றது. பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் வீடு செல்லும்போது, வீட்டிலுள்ள முதியவளிடம், எப்போது சாப்பிட்டாய், யாருக்குப் பின் சாப்பிட்டாய் என்ற இரு வினாக்களையேனும் கேட்டு எழுதிவைப்பாராயின், ஈழத்துச் சமூக வரலாற்றின் எழுதப்படாத அத்தியாயமொன்று உருப்பெறும்.